கம்பியில்லாத கிற்றாரை நான் தரமாட்டேன்

மகன்,

சனிக்கிழமை உன் மாமனார் பீற்றர் நிலாவெளியிலிருந்து ஓட்டோ பிடித்து வந்து, நீ இங்கே விட்டுப்போன கேம் பெட்டியையும் அந்தப் பிளாஸ்டிக் கிற்றாரையும் கேட்டார். நான் கொடுக்கவில்லை. பின்னேரம் நீ போன் எடுத்து, "ஏனப்பா குடுக்கேல்ல? மாமா வெறுங்கையோட வந்து நிக்கிறார்" என்று கேட்டாய். நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். போனில் நீ வேகமாகக் கதைக்கிறாய். நான் ஒரு வசனத்தைத் தொடங்கி முடிப்பதற்குள் "சரியப்பா, சரியப்பா" என்கிறாய். எழுதினால் இடையில் புகுந்து அப்படிச் சொல்ல ஏலாது. அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் ஒரு பிரதியை நம் தேவாலயத்தின் பங்குச் சஞ்சிகைக்கும் கொடுக்கப்போகிறேன். "வீட்டுக் கதையை ஏன் ஊருக்குச் சொல்லுறீங்கள்?" என்று அம்மா கேட்கிறாள். கலியாணத்தை மட்டும் ஊரைக் கூட்டித்தானே வைத்தோம்? மகனைப் பெண் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வாசலில் நின்று சிரித்தபடி கையைக் காட்டிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்ட தகப்பன்மார் இந்தத் திருகோணமலையில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். நான் திறக்கிறேன்.

எனக்கு உன் மாமனாரைப் பார்த்தால் எரிச்சல். அம்மாதான் இதை முதலில் கண்டுபிடித்தாள். உன் பதிவுத் திருமணத்துக்கு முன்பே ஒரு நாள் மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமல், "உங்களுக்கு அந்த மனுசனில பொறாமை. அதை நேரா சொல்லுங்கோவன், சும்மா அவர் தந்த மீனில குறை சொல்லாமல்" என்றாள். மீனில் குறை இருந்தது, அது வேறு. ஆனால் பொறாமை என்பதும் உண்மை. இந்த வயதில் ஒருவன் சம்பந்தியைப் பார்த்துப் பொறாமைப்படுவது அழகில்லை என்று எனக்கும் தெரியும். அழகுக்காக நான் எதையும் செய்து பழகியவன் இல்லை. நீயும் பழகாதே. மனதில் இருப்பது நல்லதோ கெட்டதோ, அதற்கு உள்ள பெயரைச் சொல்லி அழை. வேறு பெயர் வைத்து மூடிவைத்தவர்கள் பின்னால் அதை என்னவென்று அறியாமலே வயிற்றெரிச்சலோடு படுத்திருப்பார்கள்.

அந்தப் பொருளை வாங்கிய நாளில் உன்னோடு நின்றவன் நான். அதையாவது உன் மாமாவுக்குச் சொல்லியிருக்கிறாயா? நாம் இருவரும் ஒரு மின்விசிறி வாங்கத்தான் போனோம். சந்தைக்குப் பின்பக்கம், வெளிநாட்டிலிருந்து கொள்கலனில் வரும் பாவித்த சாமான்களை விற்கிற கிண்ணியா முஸ்லிம் அண்ணர் ஒருவரின் கடை; எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். நகரத்தில் திரிகிற மான்களில் ஒன்று வாசலில் நின்று கடதாசி மட்டைப்பெட்டியைத் தின்றுகொண்டிருந்தது. அதைத் தட்டி விலக்கிவிட்டு உள்ளே போனோம். சோறு காய்ச்சும் பானைகளுக்கும் உடைந்த ரீவிகளுக்கும் இடையில் அந்தக் கறுப்புக் கிற்றார் சாய்ந்து நின்றது. நீ என்னை விட்டுவிட்டு நேரே அதனிடம் போனாய்.

"நானா, இது வேலை செய்யுமா?" என்று கேட்டாய்.

"செய்யும் தம்பி. பெட்டி, கிற்றார், டிஸ்க் எல்லாம் ஒரே செற். பழைய றொக் பாட்டுத்தான் முழுக்க. இந்தக் காலத்துப் பாட்டு ஒண்டும் இல்லை."

நான் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். கழுத்தில் பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், செம்மஞ்சள் என்று பட்டன்கள். "கம்பி எங்க?" என்றேன்.

"கம்பியில்லாத ரகம் ஐயா. அறுந்துபோற பயம் இல்லை."

"கம்பி இல்லாட்டிச் சத்தம் எங்கயிருந்து வாறது?"

"ரீவியிலயிருந்து."

"அப்ப பிடிச்சுக்கொண்டு நிக்கிறவர் என்ன செய்யிறது?"

"ரீவியில நிறம் ஓடி வரும் ஐயா. அந்த நிறத்தை நேரத்துக்கு அமத்தவேணும்."

"அப்ப இது கிற்றார் இல்லை. சுவிட்ச்" என்றேன். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு விலை பேசி வாங்கினாய். மின்விசிறியை மறந்து இருவரும் வீட்டுக்கு வந்தோம், அம்மாவிடம் வாங்கிக்கட்டினோம். அன்றைக்கு எனக்கு உன்மேல் கோபம் இல்லை. பேச்சு வாங்கும்போது ஒரே பக்கத்தில் நின்றோம், அவ்வளவு போதும் என்று இருந்தது.

அடி பிறகுதான் விழுந்தது. நீ வயர்களைக் கொழுவி முதலாவது பாட்டைத் தொடங்கியபோது நான் குசினியில் தேத்தண்ணிக் கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டேன். அது எனது பாட்டு. நான் எழுதியதில்லை, நீளக் கூந்தல் வைத்த யாரோ வெள்ளைக்காரர் எழுதியது. ஆனால் அதை இந்தக் கடற்கரைக்கு எடுத்து வந்த பாண்டு வாத்தியக் குழுவில் நானும் ஒருவன். நான் பிறந்த சாம்பல்தீவில் எங்கள் வீட்டில் வானொலி இருக்கவில்லை. சந்தியில் இருந்த சைக்கிள் கடையில்தான் ஆங்கிலச் சேவை கேட்பேன். அந்தப் பாட்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்த அன்றைக்கு ஒரு கோர்ட், அதாவது ஒரு சுரக்கூட்டு, பிடிபடும். அதை மறக்காமல் வாயில் முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்து கிற்றாரில் தேடுவேன். மிச்சத்தைப் பிடிக்க இன்னும் பல வாரம் காத்திருக்கவேண்டும். சில நாட்களில் பாட்டு நடுவில் போகும்போதே கடைக்காரர் செய்திக்குத் திருப்பிவிடுவார். "அண்ணை, ஒரு நிமிசம் அண்ணை" என்று கெஞ்சியிருக்கிறேன். சொற்கள் விளங்காமல்தான் முதலில் பாடினேன். பிறகு பழைய அகராதி ஒன்றை வாங்கி ஒவ்வொரு சொல்லாகத் தேடினேன். நான் ஆங்கிலம் படித்தது அப்படி. அந்த ஆங்கிலத்தை வைத்துத்தான் இழுவைப் படகின் எஞ்சின் புத்தகங்களை வாசித்து, துறைமுகத்தில் வேலை பிடித்து, உன்னைப் படிப்பித்தேன்.

நீ சிறுவனாக இருந்தபோது நான் விறாந்தையில் இருந்து அதே பாட்டை வாசித்தால், "அப்பா, மெதுவா, மட்ச் கேக்கேல்ல" என்பாய். வளர்ந்து, உழைத்து, காசு கொடுத்து அதே பாட்டைப் பெட்டிக்குள் அடைத்து வாங்கி வந்து, என்னைப் பார்த்து, "சுப்பர் பாட்டப்பா, கேட்டிருக்கிறீங்களா?" என்றாய்.

"எங்கயோ கேட்டனான்" என்றேன். சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவப் போனேன். நீயும் மேலே கேட்கவில்லை.

உனக்கு நான் கிற்றார் பழக்க முயன்றதை அம்மா இப்போது அடிக்கடி எடுத்து வீசுகிறாள். நீ பிழையாக வாசித்த இடத்திலெல்லாம் நான் "நிப்பாட்டு" என்று சொன்னேனாம். அதனால்தான் உனக்கு வெறுத்துப்போனதாம். ஓம், நிப்பாட்டு என்று சொன்னேன். பிழையாக வாசித்தால் நிறுத்தத்தான் வேண்டும். பிழையை அப்படியே விட்டு ஓடினால் விரல் அந்தப் பிழையையும் சேர்த்துப் பழகிக்கொள்ளும். இதை நான் ஒரு குற்றமாக ஏற்று உன்னிடம் மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்க்காதே. இப்படிப்பட்ட கடிதங்களில் தகப்பன்மார் கடைசியில் அழுவார்கள். நான் அழவில்லை. உன் அலுவலகத்திலும் உன் வீட்டிலும் "நிப்பாட்டு" என்று சொல்கிற ஒருவனை எப்போதும் பக்கத்தில் வைத்திரு என்று மட்டும் சொல்வேன். கைதட்டுகிறவர்கள் எங்கேயும் கிடைப்பார்கள்.

கைதட்டு என்றதும் உன் மாமனார் முதன்முதலில் இந்த வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வருகிறது. பெரிய பாரை மீன் ஒன்றோடு வந்தார். வெள்ளைச் சேட்டு, வெள்ளைச் சிரிப்பு. புறாமலைக்கு உல்லாசப் பயணிகளைப் படகில் ஏற்றிப் போகிற மனிதர், யாரோடும் உடனே ஒட்டிக்கொள்வார். சாப்பாட்டுக்குப் பிறகு நீ அந்தக் கிற்றாரை எடுத்து அவருடைய கழுத்தில் மாட்டினாய். கோயிலில் பாட்டுக்குக் கைதட்டும்போதே அவர் மற்றவர்களைவிட ஒரு தட்டுப் பிந்தித்தான் தட்டுவார். நான் பின்வரிசை வாங்கில் இருந்து பார்த்திருக்கிறேன். அவருக்கு நீ இலேசான கட்டத்தை வைத்துக் கொடுத்தாய். அப்படியும் அவர் சிவப்புக்கு மஞ்சளை அமத்தினார். ரீவிக்குள் இருந்த சனம் கூ அடித்தது. நீ என்ன செய்தாய்? அவருக்குப் பின்னால் போய் நின்று, அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பட்டன்களில் வைத்தாய். "பரவாயில்லை மாமா, அது போகட்டும், அடுத்ததைப் பிடிப்பம்" என்றாய். ஒரு காலத்தில் வலை இழுத்துக் காய்த்த அந்த விரல்களை நீ பிடித்திருந்ததை நான் எதிர்க் கதிரையில் இருந்து பார்த்தேன். உனக்கு இவ்வளவு பொறுமை இருப்பது எனக்குத் தெரியாது, மகன். என் விரலை நீ சின்ன வயதில் தெருக் கடக்கப் பிடித்தாய். அதற்குப் பிறகு பிடித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அவருக்கு ஒரு பாட்டு எப்படியோ கரையேறியது. ரீவி கைதட்டியது. அவர் ரீவியைப் பார்த்துத் தலைகுனிந்து வணக்கம் சொன்னார். நீங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அந்த நேரம் கரண்ட் போனது.

நான் இதை யாருக்கும் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். கரண்ட் போனதும் எனக்குச் சந்தோசமாக இருந்தது. ரீவி இல்லை, பெட்டி இல்லை, இனி அந்தச் சுவிட்ச் ஊமை. நான் எழுந்து அறைக்குள் போய் என் கிற்றாரை எடுத்தேன். கதவைச் சாத்தவில்லை. கம்பிகளைச் சுருதி சேர்த்தேன். சேர்ந்திருந்ததையும் குலைத்து, மறுபடியும் சேர்த்தேன், சற்றுப் பலமாக. ஹோலில் இருந்து, "அப்பா, கொண்டுவாங்கோவன் இஞ்ச" என்று ஒரு குரல் வரும் என்று நினைத்தேன். வந்தது உன் மாமாவின் குரல்தான்: முரல் மீன் எந்த மாதத்தில் நிறையப் படும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். நீ "ஓமோம் மாமா" என்று கேட்டுக்கொண்டிருந்தாய். உனக்கு முரல் மீனில் என்ன ஆசை? நீ முள்ளுக்குப் பயந்து அதைச் சாப்பிடுவதே இல்லை. பிறகு கரண்ட் வந்தது. எல்லாரும் சேர்ந்து "ஆ!" என்று கத்தினீர்கள். நான் கிற்றாரை உறைக்குள் வைத்துவிட்டு வந்து, மின்விசிறி இல்லாததால் வியர்க்கிறது என்று குறை சொன்னேன்.

மறுநாள் நீ வேலைக்குப் போனபின் அந்தப் பிளாஸ்டிக் கிற்றாரைக் கழுத்தில் மாட்டிப் பார்த்தேன். அம்மா உனக்குச் சொல்லியிருப்பாள். சொல்லாமல் இருக்கிறவளா அவள்? இலேசு, நடுத்தரம், கடினம் என்று ரீவி தெரிவு கேட்டது. நான் கடினத்தை அமத்தினேன். ஒரு பாண்டில் வாசித்தவன் வேறு எதை அமத்துவான்? எனது பாட்டையே எடுத்தேன். முதல் வரிகள் சரியாக வந்தன. பிறகு பாட்டு ஓரிடத்தில் மூச்சு விடும். அந்த இடைவெளியை என் வலக்கை எப்போதும் சின்னத் தட்டல்களால் நிரப்பும். அப்படி நிரப்பாமல் எங்கள் காலத்தில் யாரும் வாசித்ததில்லை; நிரப்பாவிட்டால் ஆடுகிறவர்களின் கால் நின்றுவிடும். ஆனால் அந்தப் பெட்டிக்கு, நிறம் வராத இடத்தில் தட்டினால் பிழை. நான் நிரப்ப நிரப்ப அது பிழை பிழை என்று எண்ணியது. சனம் கூ அடித்தது. பாட்டைப் பாதியில் நிறுத்தி என்னை வெளியே போகச் சொன்னது. கண்ணை ரீவியில் வைத்துக் கையைக் கட்டிப்போட எனக்கு ஏலாது.

அம்மா குசினி வாசலில் நின்று சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். "என்னங்கோ, மேடையால இறக்கிப்போட்டாங்களோ?" என்றாள்.

"அதுக்குக் கேக்கத் தெரியாது" என்றேன்.

"பீற்றர் அண்ணைக்குக் கைதட்டினது. உங்களுக்குத்தான் கேக்கத் தெரியாதாக்கும்."

அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை என்று சொல்ல விரும்புகிறேன். சாப்பிட்டேன். ஆனால் ருசி தெரியவில்லை. கைதட்டத் தெரிந்த பெட்டி ஒன்று உன் மாமனாரை வாசிப்பவர் என்றும் என்னை வாசிக்கத் தெரியாதவன் என்றும் இந்த வீட்டுக்குள் வைத்தே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்தப் பெட்டியை வாங்கி வந்தவன் நீ.

கலியாணத்தன்று நடந்ததும் உனக்குத் தெரியாது. வான் வண்டியின் பின்பக்கத்தில், மாலைகள் வந்த பெட்டிகளுக்குக் கீழே, என் கிற்றார் இருந்தது. புதுக்கம்பி போட்டு, அந்தப் பாட்டை ஒரு மாதமாக விரலில் ஏற்றி வைத்திருந்தேன். நம்மவர் கலியாணங்களில் கேக் வெட்டி, வாழ்த்துச் சொல்லி முடிந்ததும், பைலா ஆட்டம் தொடங்கும் முன் யாராவது ஒரு பெரியவரை இழுத்து ஒரு பாட்டுக்கு விடுவது வழக்கம் அல்லவா? மாப்பிள்ளையின் தகப்பன் ஒரு காலத்தில் இதே நகரத்துக் கலியாணங்களில் வாசித்தவன். அவனை விட்டு வேறு யாரை இழுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, இழுக்க வசதியாக மேசையின் வெளிப்பக்கக் கதிரையில் இருந்தேன். ஒலிவாங்கி வைத்திருந்தவர், "இப்ப ஒரு விசேட நிகழ்ச்சி" என்றார். நான் கோட்டின் பட்டனைக்கூடக் கழற்றிவிட்டேன். பெரிய திரை கீழே இறங்கியது. நீயும் உன் மாமாவும் மேடையில் ஏறினீர்கள். உன் கழுத்தில் அந்தப் பிளாஸ்டிக் கிற்றார். அவருடைய கழுத்தில் யாரிடமோ இரவல் வாங்கிய இன்னொன்று. மண்டபம் முழுக்கக் கைதட்டல். மருமகள் உங்கள் இருவரையும் படம் எடுத்தாள். உன் சிநேகிதன் ஒருவன் என் தோளைப் பிடித்து, "அங்கிள், உங்கட சம்பந்தி சுப்பரா வாசிக்கிறார், என்ன!" என்றான்.

நான் பட்டனை மறுபடியும் பூட்டிக்கொண்டேன். என் கிற்றார் போன வழியே வீட்டுக்குத் திரும்பி வந்தது.

நீ பெண் வீட்டுக்குப் போனதை நான் குறை சொல்லவில்லை. எங்கள் பக்கத்து முறை அது. வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை அங்கே போவான். இந்த வீடும் அம்மாவின் வீடுதான். நானும் சாம்பல்தீவிலிருந்து ஒரு பெட்டியோடும் ஒரு கிற்றாரோடும் இங்கே வந்தவன்தான். உன் தாய்வழித் தாத்தா என்னை நன்றாக வைத்திருந்தார். பின்னேரங்களில் அவரோடு சீட்டு விளையாடுவேன். அவருடைய பகிடிகளுக்கு, விளங்காவிட்டாலும் சிரிப்பேன். அவை உண்மையில் நல்ல பகிடிகள் என்று பிறகு விளங்கியது. சாம்பல்தீவு இங்கிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரம். என் அப்பா அங்கே இருந்தார். அவர் ஒருநாளும், "ஏன் வாறாய் இல்லை?" என்று கேட்டதில்லை. போனால், "வந்தியா" என்பார். போகாவிட்டால் அதற்கும் ஒன்றும் சொல்லமாட்டார். ஊரில் எல்லாரும் அவரைப் பெருந்தன்மையானவர் என்றார்கள். மகனை விட்டுக்கொடுத்த மனிதர் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவருக்கு ஒன்றும் இல்லைப்போலும் என்று நினைத்து, எனக்கு வசதியான நாட்களில் மட்டும் போனேன். வசதியான நாட்கள் குறைந்துகொண்டே வந்தன. அவர் கண்மூடியபிறகு பக்கத்து வீட்டுக்காரர்தான் சொன்னார்: பின்னேரங்களில் என் அப்பா நகரத்துப் பக்கமிருந்து வருகிற சைக்கிள்காரர்களை நிறுத்தி, "என்ர மகன் தன்ர மாமாவோட இப்பவும் சீட்டு விளையாடுறானாமோ?" என்று விசாரிப்பாராம்.

அவருடைய பெருந்தன்மை அவருக்கும் உதவவில்லை, எனக்கும் உதவவில்லை. அதனால்தான் நான் அந்த நல்ல மனிதன் ஆகமாட்டேன் என்று முடிவெடுத்திருக்கிறேன். நான் கேட்பேன். சண்டை பிடிப்பேன். உன் சாமான்களைப் பிடித்து வைத்திருப்பேன். பங்குச் சஞ்சிகையில் எழுதுவேன். நாளைக்கு உனக்கு ஒரு மகன் பிறந்து, அவன் இன்னொருவர் வீட்டு விறாந்தையில் சிரித்துக்கொண்டிருந்தால், நீயும் பெருந்தன்மையாக இருந்துவிடாதே. போய் அந்த வீட்டுக் கேட்டைத் தட்டு.

இனிச் சனிக்கிழமைக் கதை. உன் மாமா உன்னிடம் என்ன சொன்னாரோ தெரியாது; நடந்தது இதுதான்.

"சம்பந்தி, மாப்பிள்ளைத் தம்பி அந்த கேமை எடுத்துக்கொண்டு வரச் சொன்னவர்" என்றார்.

"அது இஞ்சதான் இருக்கும்" என்றேன்.

"தம்பி வாங்கினதுதானே?"

"ஓம். வாங்கினவர் வந்து எடுக்கட்டும்."

வேறு யாராக இருந்தாலும் கோபித்திருப்பார்கள். அவர் சிரித்தார். அந்த மனிதரோடு சண்டை பிடிப்பது தண்ணீரில் கோடு கீறுவது போல. கதிரையை இழுத்துப் போட்டு அதில் இருந்தார். "உங்களுக்கும் அதில ஆசை வந்திட்டுதுபோல" என்றார். பிறகு மெல்ல முன்னுக்குச் சாய்ந்து, "அதை விடுங்கோ. தம்பி சொன்னவர், நீங்கள் அந்தக் காலத்தில பெரிய பாண்டில வாசிச்சனீங்களாம். வானொலியில கேட்டுக் கேட்டே எல்லாத்தையும் பிடிச்சனீங்களாம். கேம் விளையாடும்போதெல்லாம் இதைத்தான் சொல்லுவார், 'மாமா, இந்தப் பாட்டை என்ர அப்பா உண்மையான கிற்றாரில வாசிப்பார், இந்த இடத்தில அவர்ர கை வேற மாதிரி அடிக்கும்' எண்டு. எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோவன்" என்றார்.

மகன், எத்தனை வருடமாக நான் காத்திருந்த சொல் அது. கரண்ட் போன ஞாயிற்றுக்கிழமையும், கலியாண மண்டபத்திலும் காத்திருந்தது அதற்குத்தான். அது வந்தது, ஆனால் வந்த வாய் உன் வாய் இல்லை. "கேட்டிருக்கிறீங்களா" என்று என்னைக் கேட்ட உனக்கு, அந்த இடைவெளியில் என் கை என்ன செய்யும் என்று தெரிந்திருக்கிறது. காதைப் பொத்திக்கொண்டே கேட்டிருக்கிறாய். கேட்டதை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் கொடுத்திருக்கிறாய். என்னைப் பற்றிய பெருமையைக்கூட என்னிடம் தராமல் அவருக்குக் கொடுத்தாயே, இதற்கு நான் எங்கே போய்ப் பொறாமைப்படுவது?

"கம்பி அறுந்துபோச்சு சம்பந்தி" என்று சொன்னேன். பொய். அவர் எழுந்து போனார். சரி, தொலைந்தது என்று இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அதே ஓட்டோ திரும்பி வந்தது. ரவுண் கடைத்தெருவுக்குப் போய்த் தேடி ஒரு பக்கெற் கிற்றார்க் கம்பி வாங்கி அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, "சம்பந்திக்குக் குடுங்கோ, நான் இன்னொரு நாளைக்கு வந்து கேக்கிறன்" என்று சொல்லிவிட்டு நிலாவெளிக்குப் போயிருக்கிறார். வெறுங்கையோடு வந்து நின்றார் என்றாயே, அந்தக் கை ஏன் வெறுமையாக வந்தது என்று கேட்டாயா? அம்மா பக்கெற்றை என் முன்னால் வைத்துவிட்டுக் குசினிக்குப் போனாள். உன் மாமா நல்ல மனிதர். அவரை நன்றாகப் பார்த்துக்கொள். இதைச் சொல்வதற்கு எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்.

கேம் பெட்டி அலுமாரிக்குள் இருக்கிறது. அதை நான் வைத்து விளையாடுகிறேன் என்று நினைக்காதே. நீ வயர்களைக் கழற்றிச் சுற்றி வைத்துவிட்டுப் போனாய். எதை எதில் கொழுவுவது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் போவதில்லை. இழுவைப் படகின் எஞ்சினைக் கழற்றிப் பூட்டியவனுக்கு இது பெரிய வேலை இல்லை. ஆனால் அதை நானே கொழுவிவிட்டால் நீ வருவதற்கு என்ன காரணம் மிஞ்சும்?

ஞாயிறு பூசை முடிந்து வா. மருமகள் வந்தால் நல்லது. அவள் அம்மாவோடு கதைத்துக்கொண்டிருப்பாள். வந்ததும் பெட்டியைக் கேட்காதே. உன் மாமா என்னிடம் கேட்டதை நீ கேள். அதே சொற்களில் வேண்டாம். உன் சொற்களில் கேள். நான் வாசிப்பேன். வாசித்து முடித்ததும் கிற்றாரை உன்னிடம் தருவேன். நீ பிழையாக வாசித்தால் நிப்பாட்டு என்று இப்போதும் சொல்வேன். அதில் மாற்றம் இல்லை. அதற்குப் பிறகு பெட்டியைக் கொண்டுபோகலாம், கொண்டுபோய் அவருக்குக் கைதட்ட விடலாம்.

உன் மாமாவை அடுத்த ஞாயிறு கூட்டிக்கொண்டு வா. இந்த ஞாயிறு அவர் வேண்டாம், நீ வா.

அப்பா